ஜெயகாந்தனின் கதைகளைக் கேள்வி கேட்க இடம் கொடுங்கள்

வடசென்னைக் கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்களை நடத்திவரும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஏப்ரல் மாதம் பிறந்தால் நம் பகுதி நூலகங்களில் ஜெயகாந்தன் படத்துக்கு மாலை விழும். 1934 ஏப்ரல் 24 அன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த அவர் 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்தார். பிறந்த நாளும் நினைவு நாளும் ஒரே மாதத்தில் அமைந்துவிட்டதால், வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை எங்காவது ஒரு வாசகர் வட்டம் அவருக்காக ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிவிடுகிறது. இந்தக் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாக வந்துபோகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நாற்காலி போடுவது, தேநீருக்குச் சொல்லிவைப்பது, பேச்சாளரை ஆட்டோ வைத்து அழைத்து வருவது எல்லாம் உங்கள் சொந்தக் காசிலும் சொந்த நேரத்திலும்தான் நடக்கின்றன என்பதை அறிவேன். அந்த உழைப்பின் மீதுள்ள மதிப்பினால்தான் உங்களிடம் மனம்விட்டுப் பேசத் துணிகிறேன்.

நம் கூட்டங்களில் ஜெயகாந்தன் என்ற மனிதரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டது, கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தது, கட்சி அச்சகத்தில் அச்சுக் கோத்தது, 1952-இல் நம் வண்ணாரப்பேட்டை மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பிய கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவின் அன்புக்குப் பாத்திரமானது, மேடையில் யாருக்கும் அஞ்சாமல் பேசியது, 1972-இல் சாகித்திய அகாதெமி, பின்னர் ஞானபீடம் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. அவர் எழுதிய ஒரு கதையின் ஒரு பக்கத்தையாவது திறந்து, இந்த வாக்கியம் ஏன் இங்கே இருக்கிறது, இந்த முடிவு ஏன் இப்படி அமைந்தது என்று கேட்டுப் பேசிய மாலை ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

அண்மையில் நடந்த அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து, ‘அக்கினிப் பிரவேசம்’ கதையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்கிறாளே, அப்படியானால் தண்ணீர் ஊற்றும்வரை அவள் அசுத்தமாக இருந்தாள் என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. தலைமை வகித்தவர், ஐயாவைக் குறை சொல்லும் மேடை இது இல்லையம்மா, உட்காருங்கள் என்றார். சிலர் கை தட்டினார்கள். ஒலிவாங்கி அடுத்த பேச்சாளரின் கைக்குப் போயிற்று. அந்த மாலையில் பேசப்பட்டவற்றுள் இலக்கியம் என்று சொல்லத்தக்கது அந்தப் பெண்ணின் கேள்வி ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, அங்கே கிடைக்காத பதிலை இங்கே தேட முயல்கிறேன்.

1966-இல் ஆனந்த விகடனில் அந்தக் கதை வந்தபோது தமிழ் வாசகர் உலகம் கொந்தளித்தது. ஒரு பிராமண விதவை, தன் மகளுக்கு நேர்ந்ததை ஊருக்குச் சொல்லாமல், அவளை வெறுத்து ஒதுக்காமல், தலைமுழுக வைத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறாள் என்பதே அன்றைக்குப் பெரிய துணிச்சல். இதை மேடைகளில் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் கதையின் தலைப்பு சீதையின் தீக்குளிப்பை அழைத்து வருகிறது என்பதை நின்று யோசிப்பதில்லை. இராமாயணத்தில் அந்தத் தீ ஊரறிய மூட்டப்பட்டது. கணவன் முன்னிலையில், அவன் சொல்லுக்காகப் பெண் அதில் இறங்கினாள். ஜெயகாந்தன் அந்தச் சடங்கை ஒரு குடித்தனத்தின் குளியலறைக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, நெருப்பைத் தண்ணீராக்கி, தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை ஒரு தாயின் கையில் கொடுத்துவிட்டார். கணவனும் ஊரும் நீதிபதிகளாக இருந்த இடத்தில் ஓர் ஏழை விதவை நின்று மகளுக்கு விடுதலை வழங்குகிறாள். இந்த இடமாற்றம் சாதாரணமானதன்று. ஆயினும் சடங்கு சடங்காகவே நிற்கிறது. கழுவப்பட வேண்டிய கறை ஒன்று அந்தப் பெண்ணின் மேல் இருக்கிறது என்ற எண்ணத்தைக் கதை தொடவில்லை. கழுவும் கை மட்டும் மாறியிருக்கிறது. மாணவி சுட்டிக்காட்டியது இதைத்தான்.

அதற்கு ஒரு மறுமொழி உண்டு. அந்தத் தாய்க்குத் தெரிந்த மொழி மடியும் தீட்டும்தான், தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் அவள் தன் மகளைக் காப்பாற்றுகிறாள், எனவே எல்லை அந்தப் பாத்திரத்தின் எல்லையே ஒழிய ஆசிரியரின் எல்லை அன்று என்று வாதிடலாம். வலுவான வாதம்தான். ஆனால் தாயின் சொல்லிலிருந்து கதைசொல்லி விலகி நிற்பதற்கான தடயம் கதையின் இறுதிப் பகுதியில் எனக்குக் கிடைக்கவில்லை. தாய் நம்புவதையே கதையும் நம்பி முடிகிறது என்றுதான் என் வாசிப்பில் படுகிறது. இதை மறுப்பவர்கள் கதையிலிருந்தே எனக்கு மறுப்பைக் காட்ட வேண்டும். ஜே.கே. எவ்வளவு பெரியவர் தெரியுமா என்பது அதற்குப் பதிலாகாது.

அதே கதையில் இன்னோர் இடம் இருக்கிறது. மகளைக் குளிப்பாட்டும் தாய், அவள் வாயில் எதையோ மென்றுகொண்டிருப்பதைக் கவனித்து, அதைத் துப்பச் சொல்கிறாள். அது சூயிங்கம், காருக்குள் அவன் கொடுத்தது. மழையில் நனைந்து வீடு வந்து, தாயிடம் அடிபட்டு, தலையில் தண்ணீர் கொட்டும் வரையில் அந்தப் பெண் அதை மென்றுகொண்டே இருந்திருக்கிறாள், தான் மெல்வதே தெரியாமல். அவளுடைய திகைப்பையும் வயதையும் அறியாமையையும், அவன் விட்டுச்சென்ற ஒன்று அவளோடு வீடு வரை வந்துவிட்டதையும் அந்த ஒரு சிறு பொருளில் வைத்துவிட்டு, ஆசிரியர் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். ஜெயகாந்தன் எழுத்து முழுவதும் உரத்த பிரசங்கம் என்று எழுதியவர்களுக்கு இந்தச் சூயிங்கத்தைத்தான் நான் காட்டுவேன். இது வெறும் புகழ்ச்சியாகாது. கதைக்குள் விரல் வைத்துக் காட்டக்கூடிய சான்று. இதையும் நம் மேடைகளில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. குறையைப் பேசத் தடை போட்டால் நிறையைப் பேசும் பழக்கமும் கூடவே போய்விடுகிறது.

மாணவியின் கேள்விக்கு மிகச் சிறந்த பதிலை எழுதியவர் ஜெயகாந்தன்தான். தாய் வேறுவிதமாக நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எடுத்துக்கொண்டு, தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற தொடரை எழுதினார். அதுவே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலாயிற்று. சிறுகதையில் பெயரில்லாமல் இருந்த பெண் இங்கே கங்கா. தாய் அழுது ஊரைக் கூட்ட, அண்ணன் வீட்டைவிட்டு விரட்ட, மாமாவின் தயவில் படித்து, வேலைக்குப் போய், தனிமையில் இறுகிப்போன கங்கா ஒரு நாள் பத்திரிகையில் ஒரு கதையைப் படிக்கிறாள். ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ அது. தன் கதையாகவே அதை அவள் படிக்கிறாள். தன் தாயையும் படிக்க வைக்கிறாள். தான் எழுதிய புகழ்பெற்ற கதையைத் தன் நாவலின் பாத்திரத்திடமே கொடுத்து, இது நடந்திருக்கக் கூடுமா, நடக்காத வீட்டில் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று விசாரிக்கச் சொல்கிற ஆசிரியரை வேறெப்படி அழைப்பது? தன் சொந்தக் கதையின் முதல் விமரிசகர் அவர். சிறுகதையில் ஒரு குடம் தண்ணீரில் தீர்ந்துபோன விஷயம் நாவலில் ஒரு வாழ்நாள் முழுவதும் தீரவில்லை. தீட்டு என்ற எண்ணத்தையே அந்த நாவல் கேள்விக்கு உட்படுத்துகிறதா, அல்லது கங்காவை அதற்குப் பலிகொடுத்து நிறுத்துகிறதா என்பது நான் இன்னும் தீர்மானிக்காத கேள்வி. அதைத் தீர்மானிக்க எனக்கு ஒரு வாசகர் வட்டம் தேவை. ஆசிரியரே தன் கதையைத் திறந்து பார்த்திருக்கும்போது, அவர் பெயரால் நாம் அதைப் பூட்டி வைப்பது முறையாகாது.

உங்களில் சிலர் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும், நேரிலும் சொல்லியிருக்கிறீர்கள். குடிசைப் பகுதியின் வாழ்வையும் பேச்சையும் நடுத்தரக் குடும்பங்களின் கூடத்தில் கிடந்த வார இதழ்களுக்குள் கொண்டுபோனவர் அவர். வெகுஜனப் பத்திரிகையில் எழுதுகிறார், சத்தம் போடுகிறார் என்று சொல்லிப் பலர் அவரை ஓரங்கட்டியிருக்கிறார்கள். நாமும் சேர்ந்து குறை சொன்னால் நம் குரலாக இருந்தவரை நாமே காட்டிக்கொடுப்பதாகும் என்பது உங்கள் வருத்தம். அந்த வருத்தம் நியாயமானது. எனக்கும் அது உண்டு. ஆனால் அப்படி ஓரங்கட்டியவர்களும் பெரும்பாலும் கதைகளுக்குள் போகாமல்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல நம்மிடம் இருக்க வேண்டியது வாசிப்பு. அது இல்லாமல் கைதட்டல் மட்டும் இருந்தால், இவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும் என்று நம்மையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார்கள்.

நம் மரபும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. திருக்குறளைத் தெய்வ நூலாகப் போற்றிய உரையாசிரியர்கள்தாம் சொல்லுக்குச் சொல் நின்று, இப்படியும் பாடம் ஓதுவார் உளர், இப்படியும் உரைப்பார் உளர் என்று குறித்து, ஏற்காத உரையை மறுத்து எழுதினார்கள். அருட்பா வெளிவந்தபோது எழுந்த பூசலை நான் இதோடு சேர்க்க மாட்டேன். நம் ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலாரைச் சுற்றி நடந்த அந்தச் சண்டையில் பாட்டைக் காட்டிலும் ஆள்மீதும் சமயத்தின் மீதும் சினம் அதிகமாக இருந்தது. விமரிசனம் என்றால் அப்படித்தான் முடியும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்குமானால், 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ என்ற இலக்கிய விமரிசன இதழையும், 1968-இல் வெளிவந்த மார்க்சிய விமரிசகர் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்ற நூலையும் எடுத்துப் பாருங்கள். ஒருவருக்கொருவர் எதிர்த்திசையில் நின்றவர்கள். இருவருமே படைப்பை மேசைமீது வைத்துப் பேசியவர்கள்.

வடசென்னையில் இருந்துகொண்டு ஜெயகாந்தனைப் படிப்பதில் நமக்கு மட்டுமே உரிய ஒரு பொறுப்பு இருக்கிறது. ‘உன்னைப் போல் ஒருவன்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட வேலைக்குப் போகும் தங்கம், அவள் மகன் சிட்டி, அவள் வாழ்வில் வந்துசேரும் கிளி ஜோசியன் மாணிக்கம் என்று குடிசைக்குள்ளேயே நடக்கும் கதை அது. ஆனந்த விகடனில் வந்து, அவரே இயக்கிப் படமாகவும் ஆயிற்று. அந்தத் தலைப்பில் ‘நீ’ யார்? சேரிக்கு வெளியே, விகடன் வாங்கும் வீட்டில் உட்கார்ந்து படிப்பவர்தான். சிட்டியும் உன்னைப் போல் ஒருவன்தான், அவனை மனிதனாகப் பார் என்று அந்த வாசகரிடம் கதை மன்றாடுகிறது. 1964-இல் அந்த மன்றாட்டு தேவைப்பட்டது. இன்று வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இருந்து நம் நூலகங்களுக்கு வரும் பிள்ளைகள் அதே புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது, அந்த ‘நீ’ அவர்களைக் குறிக்கவில்லை. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களே வாசகர்களாக வந்து நிற்கிறார்கள். தங்கத்தின் பேச்சு எங்கள் அம்மாவின் பேச்சு மாதிரி இருக்கிறது என்றோ, இல்லை, இது வெளியிலிருந்து வந்து பார்த்தவரின் பரிவு என்றோ சொல்லும் தகுதி அவர்களுக்கு உண்டு. தமிழ்த் துறைப் பேராசிரியர்கள் எத்தனை பேர் எழுதினாலும் இந்த ஒரு வாசிப்பை அவர்களால் தர முடியாது. அதைக் கேட்டு வாங்காமல், அந்தப் பிள்ளைகளை மாலை போட அழைத்து, வரவேற்புரை சொல்லவைத்து அனுப்பிவிடுகிறோம்.

இப்படிப்பட்ட வாசிப்பு நடக்கக்கூடியது என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். மண்ணடி, தம்புச் செட்டித் தெரு அச்சகங்களில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில் எனக்குப் பழக்கமான மிஷின்மேன் ஒருவர், ஓய்வு பெற்று நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வருவார். அவரிடம் ஜெயகாந்தனின் ‘டிரெடில்’ கதையைப் படித்துக் காட்டினேன். டிரெடில் என்பது காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம். ஊரார் கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் அடித்துக் கொடுத்த தொழிலாளி, தன் கல்யாணம் கூடிவரும் நேரத்தில், ஆண்டுக்கணக்கில் மிதித்ததால் வந்த நோயில் விழுகிற கதை. கேட்டு முடித்ததும் அவர் நாற்காலியில் இருந்தபடியே வலது கையால் தாளை வைத்தார், இடது கையால் எடுத்தார், கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் காலும் வேலையில் இருக்கும்போது மனசு ஒன்றுதான் சும்மா இருக்கும், அந்தச் சும்மா இருக்கும் மனசில்தான் கல்யாண ஆசையெல்லாம் வளரும், அதை இந்த ஆள் சரியாகப் பிடித்துவிட்டார் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மிஷினுக்கு மோட்டார் பூட்டியிருந்தால் உடம்பு கெட்டிருக்காதே, பூட்டாதது யார் முடிவு, இதை விதி மாதிரி எடுத்துக்கொண்டு அழுதால் போதுமா என்று கேட்டார். ஒரு கதையின் உளவியலையும் அரசியலையும் அவர் இரண்டே பேச்சில் தொட்டுவிட்டார். அவர் எந்தக் கூட்டத்திலும் மேடை ஏறியதில்லை. அவரை யாரும் அழைத்ததில்லை.

அவரைப் போன்றவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பின்னி மில்லில் தறி ஓட்டியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், சித்தாள் வேலைக்குப் போன பெண்கள். ஜெயகாந்தன் யாரை எழுதினாரோ அவர்கள் கதையைக் காதால் கேட்டாவது கருத்துச் சொல்லட்டும். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நடக்கும் நூலகங்கள் இவை. சொத்துவரியோடு நூலக வரியும் கட்டும் மக்களுக்கு அங்கே பேசும் உரிமையும் உண்டு.

அடுத்த ஏப்ரலில் மாலையும் படமும் இருக்கட்டும், அவற்றை நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் முன்பே நகலெடுத்துக் கொடுத்து, கூட்டத்தில் முதலில் முழுவதும் வாசிக்கச் செய்யுங்கள். வாசித்த பிறகு கதையை ஏற்றுப் பேச ஒருவருக்கும் மறுத்துப் பேச ஒருவருக்கும் சம நேரம் கொடுங்கள். இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது, ஏனெனில் அவருடைய புகழ்பெற்ற கதைகள் பலவற்றின் நடுவில் ஒரு பெண்தான் நிற்கிறாள். சபையில் இருந்து வரும் கேள்விக்கு, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிப் பதில் சொல்லும் வழக்கத்தை உண்டாக்குங்கள். பேச்சாளருக்கு விடும் ஆட்டோ காசில் நகலெடுக்கும் செலவு அடங்கிவிடும்.

முதல் கூட்டத்துக்கு ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ என்ற குறுநாவலைப் பரிந்துரைக்கிறேன். 1972-இல் வந்தது. ரிக்‌ஷா ஓட்டுபவரின் மனைவி கம்சலை, திரையில் தெரியும் ‘வாத்தியார்’ என்ற கதாநாயக நடிகர் மீது கொள்ளும் மயக்கத்தைப் பற்றியது. ஓர் உருவத்தைக் கேள்வியில்லாமல் கொண்டாடுவது எளிய மக்களின் வாழ்வை என்ன செய்கிறது என்று அத்தனை கோபத்தோடு எழுதியவரை, அதே கேள்வியில்லாத கொண்டாட்டத்துக்கு நாம் உட்படுத்துகிறோம் என்பதை அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் உங்களுக்கே தெரியும். நூலின் மீது எனக்குக் கடுமையான மாறுபாடும் உண்டு. சினிமாவை விற்றவர்கள், அந்த முகத்தை அரசியலாக்கியவர்கள், அவளை ஏமாற்றியவர்கள் எல்லாரும் இருக்க, மயக்கத்தின் விலை முழுவதையும் கம்சலையின் உடலும் புத்தியும் கட்டுகின்றன. சினிமா பார்க்க ஆசைப்பட்ட ஓர் உழைக்கும் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய தண்டனையைக் கொடுத்தது சமூகமா, ஆசிரியரா? ஆசிரியர்தான் என்பது என் வாதம். அந்தப் பெண்ணின் ஆசையில் இருந்த நியாயமான மகிழ்ச்சியை அவர் பார்க்க மறுத்துவிட்டார் என்று கூட்டத்தில் பேச அணியமாக இருக்கிறேன். என்னை மறுத்துப் பேச, ஜெயகாந்தனை என்னைவிட அதிகமாக நேசிக்கும் ஒருவரை நீங்கள் தேர்ந்தெடுங்கள். நாளையும் நூலகத்தின் பெயரையும் தெரிவித்தால் போதும், புத்தகத்தோடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
தண்டையார்ப்பேட்டை வாசகர் ஒருவர்